ஆர்வோ பார்ட்டின் மௌனத்தில் கீபோர்டுக்கு என்ன வேலை?

எல்லோரும் பகிரும் அந்தப் புதுச்சேரி கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி வீடியோவைப் பற்றித்தான். எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் 'மக்னிஃபிகாட்' என்ற மரியாளின் துதிப்பாடலைப் பாடும்போது அடியில் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கொயர் (பாடகர் குழு) பாடாமல் நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு உருட்டல் வேறு. கேட்டால் "காலியா இருந்துச்சு, நிரப்பினோம்" என்கிறார்கள். அந்த மௌனமும் அவர் எழுதியதுதான். அதை நிரப்ப யாருக்கும் உரிமை இல்லை.

1989ல், கருவி எதுவும் இல்லாமல் பாடுவதற்கென்றே எழுதியது அது. ஒரு குரல் அடுத்தடுத்த ஸ்வரங்களில் நகரும். இன்னொன்று ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) மூன்று ஸ்வரங்களை விட்டு வெளியே போகாது. இரண்டும் உரசி விலகுவதுதான் அழகு. கீபோர்டில் மேஜர் மூன்றாம் என்னும் ஸ்வர இடைவெளி சுத்த சுருதியைவிட 14 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூட, மைனர் மூன்றாம் 16 சென்ட் குறைவு. காதால் சேர்ந்த குரல்கள் அதோடு மோதாமல் என்ன செய்யும்? ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், தடுமாறியது அதனால்தான். பழி மட்டும் அந்தப் பெண்களுக்கு.

"சுருதி இறங்கிடும், அதுக்குத்தான் கீபோர்டு" என்பார்கள். இறங்கும்தான். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் துளித் துளியாக இறங்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் மேலே நினைத்துப் பாடப் பழக்க வேண்டும். நீண்ட ஸ்வரங்களில் ஆளுக்கொரு இடத்தில் மூச்செடுக்க வேண்டும். பயிற்சியில் பகுதிக்குப் பகுதி டியூனிங் ஃபோர்க் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் எல்லோரும் சேர்ந்து கால் ஸ்வரம் இறங்கினால் கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் கீபோர்டு இருந்தால்தான் அம்பலமாகும்!

"வெளிநாட்டிலெல்லாம் பெரிய பெரிய சர்ச், எதிரொலிக்கும், நம்ம ஹால்ல ஃபேன் சத்தம்தான்." இதில் நியாயம் இருக்கிறது. எதிரொலி இல்லாத ஹாலில் அந்த இடைவெளிகள் வறண்டுதான் போகும். அப்படியானால் ஏழு நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள். ஆளுக்கொரு மைக் வேண்டாம், தள்ளி இரண்டு போதும். இல்லையென்றால் புதுச்சேரி சம்பா கோவில் தேவாலயம் மாதிரி உயர்ந்த கூரையுள்ள இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

"ஜனங்களுக்குப் போரடிக்கும்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

கொயரோடு விட்டார்களா? பார்ட்டின் பியானோ துண்டான 'ஃபூர் அலினா' வாசிக்க வந்த சிறுமிக்கு 61 கட்டை கீபோர்டைக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் ஒலிக்க வேண்டிய ஆழமான பி ஸ்வரம் அதில் கிடையாது. ஒலியை நீட்டிக்கும் பெடலும் இல்லை. பெடலை அழுத்தி அந்த பி அதிரும்போதே மேலே இரு கைகளும் நகர வேண்டிய இசை அது. 1968ல் தன் 'கிரெடோ' என்ற படைப்பு கிளப்பிய பிரச்சினைக்குப் பிறகு பல வருடம் மிகக் குறைவாகவே எழுதிய மனிதர், 1976ல், மேலே சொன்ன அந்த இரண்டு குரல் வழியில் எழுதிய முதல் துண்டு இது. தாளக் குறியே கிடையாது. வரிகள் நீண்டுகொண்டே போய்த் திரும்பச் சுருங்கும். இடது கை பி மைனர் கார்டை விட்டு ஒரே ஒரு இடத்தில் வெளியே வரும். அங்கே இசைக்குறிப்புத் தாளில் ஒரு பூ வரைந்திருக்கிறார். இதையா "கிரேடு ஒன் பீஸ்", ஆரம்பநிலைத் தேர்வுக்கான துண்டு, என்கிறீர்கள்?

பெடல்கூட இல்லாத அந்தக் கீபோர்டில், ஒலி அடங்கும்வரை கையைத் தூக்காமல் காத்திருந்தாள் அந்தக் குழந்தை. அந்த மேடையில் பார்ட்டைப் புரிந்து வாசித்தது அவள் ஒருத்திதான். அந்த நேரத்தில் "மறந்துட்டா போல" என்று மைக்கில் சொன்னவர் அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.