மார்கழியில் வேகம் வேண்டாம்

மாசியிலும் பங்குனியிலும் வருகிற சைக்கிள் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இப்போதே விடியற்காலையில் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருக்கிற காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து ஒன்றுதான். மார்கழியும் தையும் மெதுவாக, நெடுநேரம் ஓட்டுவதற்கான மாதங்கள். இந்த இரண்டு மாதமும் தினம் தினம் பந்தயம் விட்டவர்கள் போட்டி நாளில் காலில் வலு இல்லாமல் நிற்கிறார்கள். இதை வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

நம் குரூப் ரைடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். இருட்டோடு கிளம்புகிறோம். கோட்டையூர் தாண்டுவதற்குள் முன்னால் போகிறவர் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறார். பள்ளத்தூரில் 35. கானாடுகாத்தான் வரும்போது பின்னால் வந்த பாதிப் பேர் கண்ணுக்கே தெரிவதில்லை. திருமயம் கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது புதிதாக வந்த பிள்ளைகளின் முகம் வெளுத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும், ஓட்டியதைப் பதிந்து மற்றவர்களுக்குக் காட்டும் ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். மறுநாளும் இதே கதை.

ஒரு தம்பி என்னிடம் சொன்னான்: "அண்ணே, முப்பதுக்குக் கீழ போனா ஸ்ட்ராவால போடவே கூச்சமா இருக்குண்ணே." அவன் நல்ல ஓட்டக்காரன், உழைப்பாளி. அவனைக் கெடுப்பது இந்தக் கூச்சம்தான்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். சமதரையில் நாம் போராடுவது பெரும்பாலும் காற்றோடுதான். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது 30-லிருந்து 35-க்குப் போவதற்கு, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். வெறும் ஐந்து கிலோமீட்டர் வேகம் என்று நினைக்கிறோம், உடம்புக்கு அது வேறு வேலை. பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். அதனால்தான் குரூப்பில் நாலு பேர் உற்சாகமாக வருகிறார்கள், முன்னால் இழுப்பவர் தீர்ந்துபோகிறார்.

மெதுவாக ஓட்டினால் என்ன கிடைக்கும்? கால் தசைகளில் ரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கூடும். தசை செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகும், சேர்த்து வைத்த மாவுச்சத்து கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு மிஞ்சும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓட்டினால்தான் வரும். அதற்கு வாய்த்த காலம் மார்கழி. ஐரோப்பாவில் இந்த மாதங்களில் பனிக்கும் மழைக்கும் பயந்து வீட்டுக்குள் சைக்கிளை டிரெய்னர் என்ற கருவியில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கிறார்கள். நமக்கோ வருஷத்திலேயே சைக்கிள் ஓட்ட நல்ல காலம் இதுதான். ஆறரை மணிக்குத்தான் வெயில் முகம் காட்டுகிறது. எட்டு மணி வரைக்கும் சுகமாக ஓட்டலாம். சித்திரையில் ஏழு மணிக்கே சுடும், அப்போது மூன்று மணி நேரம் ஓட்ட நினைத்தாலும் முடியாது.

எவ்வளவு மெதுவாக? ஹார்ட் ரேட் பெல்ட் இருந்தால், உங்கள் அதிகபட்சத் துடிப்பில் 60 முதல் 70 சதவீதம். அதிகபட்சம் 190 என்றால் சுமாராக 115-லிருந்து 133 வரை. பெல்ட் இல்லையா, பரவாயில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் வீட்டு விஷயத்தை மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா, அதுதான் அளவு. வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகம் கூடிவிட்டது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு 27, இன்னொருவருக்கு 21. இரண்டிலும் வெட்கப்பட எதுவுமில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சீலர் என்ற ஆய்வாளர், உலகத்தரம் வாய்ந்த நெடுந்தூர வீரர்கள் தங்கள் பயிற்சியில் 80 சதவீதம் போல லேசான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று காட்டினார். அவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் பயிற்சி செய்கிறவர்கள். கடையும் ஆபீசும் பிள்ளைகளும் வைத்துக்கொண்டு வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. என் பதில் இது: வாரத்தில் ஒரே ஒரு நாள் கடுமையாக ஓட்டுங்கள், அதுவும் குறுகிய நேரம். மற்ற நாளெல்லாம் லேசாக. நம் குரூப்பில் நடப்பது இரண்டிலும் சேராது. தினமும் முக்கால் கடுமை. லேசான நாளுக்கு அது அதிகம், கடுமையான நாளுக்கு அது போதாது. களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

200 கிலோமீட்டர் பிரவே என்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்குப் போகிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். அது போட்டியே அல்ல. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். அதற்கு 35-ல் பறந்து பழக வேண்டிய அவசியமே இல்லை, உட்கார்ந்து பழக வேண்டும்.

நம் ஊரில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காதவர் யார்? பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போய்வர எட்டு மைல், ஆறு மைல் என்று விடுகிறார்கள். பந்தய மாடு வளர்க்கிறவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தினமும் வண்டி பூட்டி விரட்டுகிறாரா? காலையில் நடைக்குக் கூட்டிப்போகிறார், கண்மாயில் நீச்சல் விடுகிறார், பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைக்கிறார், நன்றாகப் படுக்க விடுகிறார். வண்டி பூட்டி வேகம் பார்ப்பது எப்போதாவதுதான். மாட்டுக்குச் செய்கிற இந்த மரியாதையை நம் காலுக்கும் செய்யலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்கழி, தையில் நம் சாலைகளில் வேகமாகப் போவதே தவறு. குன்றக்குடி, திருப்பத்தூர் சாலையில் தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் இருட்டிலேயே நடக்கிறது. பெண்கள், பெரியவர்கள், வெறுங்கால். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் மூடுபனியில் அது பக்கத்தில் வரும்போதுதான் தெரியும். நாமும் ஓரமாகத்தான் போகிறோம், அவர்களும் ஓரமாகத்தான் நடக்கிறார்கள். அங்கே பத்துப் பேர் ஒட்டிக்கொண்டு 35-ல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. பூசம் முடியும் வரை அந்தச் சாலையை விட்டுவிடுவோம். போயே ஆக வேண்டுமென்றால் தனித்தனியாக, விளக்கைக் கீழே தாழ்த்தி, மணி அடித்துப் போவோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களிலும் அப்படித்தான். தெரு அகலமாக, நேராக இருக்கிறது என்பதற்காக ஸ்பிரிண்ட் வைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போடுகிறார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாம் மேலே வந்துவிடுவோம்.

அப்புறம் அறுவடை. தையில் கிராமத்துச் சாலைகளில் நெல்லும் உளுந்தும் காயப்போட்டிருப்பார்கள். 25 மில்லிமீட்டர் டயர் அதன்மேல் ஏறினால் வழுக்கிவிடும், அதுவும் வளைவில். அவர்கள் ஒரு போகத்து விளைச்சல் அது, கோபப்படுவதில் அர்த்தமில்லை. நாம்தான் வேகம் குறைத்து விலகிப் போக வேண்டும்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைக்குப் பிறகு ஓரத்தில் வெட்டிப் போட்டதெல்லாம் சாலைக்கு வந்துவிடுகிறது. பஞ்சர் ஆனதும் பதற்றத்தில் டியூபை மட்டும் மாற்றுகிறோம், ஒரு கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்குகிறது. முள் வெளியில் தெரியாமல் முறிந்து, கறுத்த நுனி மட்டும் டயருக்குள் நிற்கும். விரலால் தடவினால் குத்திக் கிழிக்கும். ஒரு பழைய துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்க இழுத்துப் பாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். வெளிப்பக்கத்திலிருந்து பிடுங்க வராவிட்டால் உள்ளிருந்து நகவெட்டியால் பிடித்து இழுங்கள். இந்த மாதங்களுக்கு 28 மில்லிமீட்டர் டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. செயினில் செம்மண் ஒட்டினால் அப்படியே மேலே எண்ணெய் விடாதீர்கள், துடைத்துவிட்டு விடுங்கள். செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் செயினை அரைத்துவிடும்.

சரி, வேகம் எப்போது? மாசி பிறந்ததும். நமக்கு மலை இல்லை என்று நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் நாம் நினைத்தபோது போய்வர முடியாது, உண்மைதான். ஆனால் நமக்கு வாடைக்காற்று இருக்கிறது. புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டி அறந்தாங்கி சாலையில் போனால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று முகத்தில் அடிக்கும். கனமான கியர், பெடல் நிமிஷத்துக்கு 60 சுற்றுப் போல, சீட்டைவிட்டு எழாமல் எட்டு நிமிடம். அப்புறம் ஐந்து நிமிடம் லேசாக. மறுபடியும் எட்டு. மூன்று தடவை போதும், திரும்பும்போது காற்றே வீட்டுக்குத் தள்ளிவிடும். மலை ஏறும் கால் வலு இந்த வேலையில் நிறையவே கிடைக்கும். மாசியில் வாடை அடங்கத் தொடங்கும், அதனால் மாதத்தின் முதல் பாதியிலேயே இதை முடித்துவிடுங்கள்.

பங்குனிப் போட்டிக்காரர்கள் வெயிலுக்கும் பழக வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். மாசிக் கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் லேசாக ஓட்டுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டு மூன்று சிறு வேக ஓட்டம் மட்டும் வையுங்கள். அந்த வாரத்தில் பயந்துபோய் நூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் இனி ஒரு லாபமும் வராது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கிறது, மீதிக்குக் கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பாக்கெட்டில் வரும் மாவுச்சத்து ஜெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் போட்டியில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை இந்த நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள், வயிறும் பழக வேண்டும். வெறும் வயிற்றில் கிளம்பி மயங்குவதைப் பெருமையாகப் பேசுவதை இனியாவது விட்டுவிடுவோம்.

வருகிற ஞாயிறு கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் போய்த் திரும்புகிறோம். முன்விளக்கு, பின்விளக்கு, உபரி டியூப் இல்லாமல் யாரும் வர வேண்டாம். பின்னால் வருகிற புதியவர்தான் வேகத்தை முடிவு செய்வார். முன்னால் போகிறவர் 25-ஐத் தாண்டினால் அவரைக் கடைசிக்கு அனுப்பிவிடுவோம், யாராக இருந்தாலும் சரி.