3 புள்ளியை விடுங்கள், 14 புள்ளியைப் பாருங்கள்

அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்துக்கான ஆதரவு 71 சதவீதத்திலிருந்து 68 ஆகச் ‘சரிந்துவிட்டது’ என்கிறது நீங்கள் வரைபடத்தோடு எழுதிய கட்டுரை. இது காலப் (Gallup) என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு (2023, 2025). சுமார் 1,000 பேரிடம் தொலைபேசியில் கேட்பது. பிழை வரம்பே, அதாவது உண்மை எண் விலகியிருக்கக்கூடிய அளவே, கூட்டியோ குறைத்தோ 4 புள்ளி. ஆக, அந்த 3 புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உண்மையான மாற்றம் காலப்பின் கட்சிவாரி அட்டவணையில் இருக்கிறது. குடியரசுக் கட்சியினரிடம் ஆதரவு 2022-ல் 55, 2025-ல் 41. கட்சி வாரியாகப் பிரித்தால் ஆட்கள் முந்நூற்றுச் சொச்சம்தான், பிழை வரம்பு 6 வரை போகும். அப்படியும் 14 புள்ளி வீழ்ச்சியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஜனநாயகக் கட்சியினர் 88-ல் நிற்பதால் மொத்தக் கணக்கில் இது அமுங்கிவிடுகிறது.

கட்டுரையின் வரைபடத்தில் 2023-க்கு 63 என்று ஒரு புள்ளி இருக்கிறதே, அது பியூ ஆய்வு மையம் (Pew) என்ற வேறொரு கருத்துக்கணிப்பு அமைப்பின் எண். அவர்கள் ‘அனுமதிப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா’ என்று கேட்கிறார்கள். காலப் ‘அதே உரிமைகளோடு சட்டம் அங்கீகரிக்க வேண்டுமா’ என்று கேட்கிறது. கேள்வியும் வேறு, கேட்கும் முறையும் வேறு. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் இல்லாத பள்ளம் தெரியத்தான் செய்யும். 1996-ல் 27 என்று தொடங்கும் காலப் வரிசையை மட்டும் தனியாக வரைந்து போடுங்கள்.