26ஆம் தேதி என்ன பாவம் செய்தது?

ஆறு பேரழிவுகள் 26ஆம் தேதியில் நடந்தன, இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனியின் எண், ஆகவே 26 கெட்ட தேதி என்று ஒரு நண்பர் பதிவு போட்டிருந்தார். நேற்று முன்தினம் அந்தப் பதிவின் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். என் கருத்தை நீக்கிவிட்டு, அதற்கு வந்த கேலிகளை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கும் நண்பரின் பெருந்தன்மைக்கு முதலில் ஒரு கும்பிடு. இப்போது அங்கே போய்ப் படிப்பவர்களுக்கு, யாரோ ஒருத்தி ஏதோ உளறியிருக்கிறாள், ஊரே கூடி அவளைத் திருத்தியிருக்கிறது என்றுதான் தோன்றும். "டீச்சர், இது வகுப்பறை அல்ல" என்ற பதிலுக்கு மட்டும் எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! நல்லது. இது என் பக்கம். இங்கே நான் வகுப்பெடுத்தால் யாரும் மணியடித்துவிட முடியாது.

நான் அங்கே சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒரே தேதியில் நடந்தவை என்பதாலேயே இரண்டு நிகழ்ச்சிகளுக்குள் உறவு வந்துவிடாது. நாட்காட்டியில் இருப்பவை 366 கட்டங்கள். பிறப்பும் சாவும் போரும் பூகம்பமும் முடிசூட்டலும் அந்தக் கட்டங்களுக்குள்தான் விழுந்தாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. நம் நண்பரோ மாதத்தையும் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆக அவர் கையில் இருப்பவை 31 கட்டங்கள். 31 கட்டங்களில் உலகத்தின் அத்தனை துயரங்களையும் கொட்டினால் ஒன்றில் ஆறு சேர்ந்து கிடக்காமல் என்ன செய்யும்?

அவருடைய பட்டியலில் இருந்த தேதிகள் எல்லாம் சரியானவை. அதை நான் மறுக்கவே இல்லை, மறுத்ததாகப் பரப்புகிறார்கள். செர்னோபில், 1986 ஏப்ரல் 26. குஜராத் நிலநடுக்கம், 2001 ஜனவரி 26. ஈரானின் பாம் நகர நிலநடுக்கம், 2003 டிசம்பர் 26. சுனாமி, 2004 டிசம்பர் 26. மும்பை வெள்ளம், 2005 ஜூலை 26. மும்பைத் தாக்குதல், 2008 நவம்பர் 26. எல்லாம் சரி. நான் கேட்டது வேறு. லாத்தூர் நிலநடுக்கம் எங்கே? அது 1993 செப்டம்பர் 30. காஷ்மீர் எங்கே? 2005 அக்டோபர் 8. ஜப்பான்? 2011 மார்ச் 11. நேபாளம்? 2015 ஏப்ரல் 25. ஒரு நாள் பொறுத்திருந்தால் நேபாளமும் பட்டியலில் இடம்பிடித்திருக்கும், பாவம். சீனத்தின் சிச்சுவான் 2008 மே 12, ஹைத்தி 2010 ஜனவரி 12. அடடா, 12ஆம் தேதிக்கு இரண்டு கிடைத்துவிட்டன, யாராவது அடுத்த கடையைத் திறக்கலாம்.

பொருந்துவதை எடுத்து வைத்துக்கொண்டு பொருந்தாததைக் கண்ணில் படாமல் ஒதுக்கினால் எந்தத் தேதியையும் தூக்கில் ஏற்றலாம். நான் சொன்னது இவ்வளவுதான். இதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

அதுவும் எந்த ஊர்க் கடிகாரத்தின்படி 26? செர்னோபில் உலை வெடித்தபோது அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி 23 நிமிடம். அதே நொடியில் லண்டனில் ஏப்ரல் 25 இரவு. குஜராத்தில் காலை எட்டே முக்கால் மணிக்கு நிலம் குலுங்கியபோது நியூயார்க்கில் ஜனவரி 25. பாம் நகரம் இடிந்தபோதும், சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தபோதும், நியூயார்க்கில் டிசம்பர் 25 மாலை, கிறிஸ்துமஸ் விளக்குகள் அணையவில்லை. ஆக நம் நண்பர் நியூயார்க்கில் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் கெட்ட தேதி 25. நேபாளமும் அப்போது வசமாக வந்து சிக்கியிருக்கும். சனி பகவான் எந்த நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறார் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் என் கருத்து நீக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

தேதி என்பது நாம் போட்டுக்கொண்ட கோடு. பாரதியின் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பரில், நள்ளிரவு கடந்து 12ஆம் தேதி பிறந்த பிறகு. நாம் நினைவு நாள் கடைப்பிடிப்பது 11ஆம் தேதி. ஸ்பெயினின் கன்னியாஸ்திரி, அவிலாவின் புனித தெரேசா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு, மறுநாள் விடிந்தபோது தேதி அக்டோபர் 15. நாட்காட்டியைத் திருத்துவதற்காக நடுவில் இருந்த பத்து நாட்களை அந்த ஆண்டு உருவிவிட்டார்கள். இப்படி வெட்டியும் ஒட்டியும் வந்த ஒரு கணக்கில் இயற்கை ரகசியம் எழுதி வைத்திருக்கிறதாம்.

"அப்படியானால் ஒரே நாளில் நடந்தவை எல்லாமே தற்செயல்தானா, வரலாற்று ஆசிரியை இப்படிப் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை ஐயா. இங்கேதான் விஷயமே இருக்கிறது, இதைச் சொல்லத்தான் அங்கே விடவில்லை. ஒரு நாள் தானாக விழுந்ததா, யாராவது தேர்ந்தெடுத்ததா என்று கேளுங்கள். அதுதான் வரலாறு கேட்கும் கேள்வி.

ஜெர்மனியின் நவம்பர் 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் அன்று பேரரசரின் ஆட்சி முடிந்தது, பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் சன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைட்மான் குடியரசை அறிவித்தார். 1923இல் மியூனிக் பீர்க் கூடத்தில் முந்தைய இரவு தொடங்கிய ஹிட்லரின் கலகம் அன்று துப்பாக்கிச் சூட்டில் அடங்கியது. அதில் செத்த தன் ஆட்களைத் தியாகிகளாக்கி, ஆட்சிக்கு வந்ததும் ஆண்டுதோறும் அதே நாளில் மியூனிக்கில் விழா எடுத்தார் ஹிட்லர். 1938இல் அந்த விழாவுக்குக் கட்சித் தலைவர்கள் எல்லாம் ஒரே கூடத்தில் கூடியிருந்தார்கள். இரண்டு நாளுக்கு முன் பாரிஸில் சுடப்பட்ட ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி அப்போது வந்து சேர்ந்தது. பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கேட்டவர்கள் தொலைபேசிகளை நோக்கிப் போனார்கள். அன்றிரவு நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்தன, கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. 1923இன் நவம்பர் 9 இல்லாவிட்டால் 1938இல் அந்த அறையில் அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இது உறவு. கையால் தொட்டுக் காட்டக்கூடிய உறவு.

அதே நாளில்தான் 1989இல் பெர்லின் சுவரும் திறந்தது. அது தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகள் மறுநாள் நடைமுறைக்கு வர வேண்டியவை. செய்தியாளர் கூட்டத்தில் கையில் இருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்த ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கியிடம் எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். ஜனங்கள் எல்லைச் சாவடிக்குத் திரண்டுவிட்டார்கள். அவர் அந்தத் தாளை முன்பே ஒழுங்காகப் படித்திருந்தால் சுவர் திறந்த நாள் நவம்பர் 10 ஆகியிருக்கும். ஒரே கட்டத்தில் உறவும் இருக்கிறது, தற்செயலும் இருக்கிறது. பிரித்துப் பார்க்கத்தான் படிப்பு. ஜெர்மனி தன் தேசிய நாளாக நவம்பர் 9ஐ விட்டுவிட்டு, இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3ஐ வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், 1938இன் மேல் நின்று கொண்டாட மனம் வராததுதான். அங்கே தேதியை அப்படி மதிக்கிறார்கள். நாம் பட்டியல் போட்டு விருப்பக்குறி சேர்க்கிறோம்.

நம் 26ஐயே பாருங்களேன். 1930 ஜனவரி 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த நினைவுக்காகவே 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசியலமைப்பு இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மூன்று 26கள்! மூன்றும் நண்பரின் பட்டியலில் இல்லை. ஆகஸ்ட் 15உம் வானத்திலிருந்து விழுந்த நாள் அல்ல. 1945இல் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதால், தென்கிழக்கு ஆசியாவில் நேசப் படைகளுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்தது.

"வேடிக்கைக்காகப் போட்டதுதானே, இவ்வளவு கோபம் எதற்கு?" என்றும் அங்கே கேட்டார்கள். அதற்குச் சற்றுப் பொறுத்து வருகிறேன்.

"இப்படியாவது நாலு பேர் வரலாற்றைத் தெரிந்துகொள்ளட்டுமே." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23இல் இறந்ததாகப் போடுகிறார்கள். இங்கிலாந்து அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது, ஸ்பெயின் புதியதில். ஷேக்ஸ்பியரின் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் செய்யப்பட்டதுதான் 23. ஆனாலும் அந்த நாளில் உலகப் புத்தக தினம் கொண்டாடுகிறார்கள், நாலு பேர் புத்தகத்தைத் தொடுகிறார்கள், எனக்கு ஒரு புகாரும் இல்லை. அங்கே யாரும் "ஏப்ரல் 23இல் பிறந்தவர்கள் கவனமாக இருக்கவும்" என்று எழுதுவதில்லையே! கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து, 1942 ஜனவரி 8இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். அதைச் சொல்லிவிட்டு, அதே நாளில் ஏறக்குறைய இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று அவரே சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியம் வாயில் வராதவர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்லக்கூடாது.

"எல்லாவற்றுக்கும் அறிவியல் விளக்கம் இருக்கிறதா என்ன?" இதற்குப் பதில் கிடையாது, நேரமும் கிடையாது.

இப்போது வேடிக்கைக்கு வருகிறேன். வகுப்பில் நானும் இந்த வேடிக்கையைச் செய்திருக்கிறேன். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிறந்த நாளைச் சொல்லச் சொல்வேன். 23 பேர் இருந்தாலே யாராவது இருவருக்கு ஒரே நாளாக அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு, 40 பேர் இருந்தால் 89 சதவீதம். பொருத்தம் வந்ததும் வகுப்பே கூச்சல் போடும். அந்த இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொள்ளாதவர்களாக இருந்தாலும் அன்று ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். பிறகு கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். மகிழ்ச்சியும் கெடவில்லை, மூளையும் கெடவில்லை. எனக்கு வேடிக்கை பிடிக்காது என்று எழுதியவர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் "இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனி, 26இல் பிறந்தவர்கள் கவனமாக இருக்கவும்" என்பது வேடிக்கை இல்லை.

என் தம்பி பிறந்தது டிசம்பர் 26. அவன் பிறந்தபோது அந்த அலைக்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் அவன் விண்ணப்பம் கொடுக்கும்போது நானும் உடன் இருந்தேன். கவுண்டரில் இருந்தவரின் விரல் படிவத்தில் வரிவரியாக இறங்கிவந்து பிறந்த தேதியில் நின்றது. "சுனாமி அன்றா? வேறு நாளே கிடைக்கவில்லையா சார் உங்களுக்கு?" பக்கத்து இருக்கைக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அவனுக்கு அது பழக்கம். இப்போதெல்லாம் யாராவது பிறந்த நாள் எப்போது என்று கேட்டால் "டிசம்பர் கடைசி வாரம்" என்கிறான். தேதியைச் சொல்வதில்லை. அந்த 26ஆம் தேதிப் பதிவுக்கு விருப்பக்குறி போட்டவர்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் அவன் பெயரும் இருந்தது. நாலு பேர் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்துவிடுவதுதான் பத்திரம் என்று அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். இது உங்களுக்கு வேடிக்கை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தேதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாம் நகரில் அத்தனை பேர் செத்தது 26ஆம் தேதி என்பதாலா? விடியற்காலை, எல்லோரும் உறக்கத்தில், சுடாத மண்கல் வீடுகள். கூரையும் சுவரும் மண்ணாகவே மேலே விழுந்து மூச்சை அடைத்தன. செர்னோபிலில் பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில், ஏற்கெனவே வடிவமைப்பில் கோளாறு உள்ள ஓர் உலையை அபாய நிலைக்குத் தள்ளினார்கள். சுனாமி சுமத்ராவிலிருந்து இலங்கைக்கும் நம் கிழக்குக் கரைக்கும் வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம்! பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் இல்லை. இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், நானே பகிர்கிறேன். சனியைப் பற்றி எழுதினால் எந்த அதிகாரியும் எந்த அரசும் சங்கடப்பட வேண்டாம் அல்லவா, அதனால்தான் இந்தப் பட்டியல்கள் இவ்வளவு சௌகரியமாகச் சுற்றுகின்றன.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்பார்கள். ஆமாம், படுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தோழி செய்தி அனுப்பினாள். அடுத்த பட்டியல் 11ஆம் தேதிக்காம், நண்பர் அறிவித்துவிட்டாராம். 2001 நியூயார்க், 1973 சிலி ஆட்சிக் கவிழ்ப்பு, 2011 ஜப்பான் என்று அவர் தொடங்குவது எனக்கு இப்போதே தெரிகிறது. 1893 செப்டம்பர் 11இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசியதையும், 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் நாடக அரங்கில் காந்தியும் கூடியிருந்தவர்களும் அநீதியான சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கையுயர்த்தி உறுதி எடுத்ததையும், 1990 பிப்ரவரி 11இல் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்ததையும், 1882 டிசம்பர் 11இல் பாரதி பிறந்ததையும் அதில் சேர்ப்பாரா என்று யாராவது அங்கே போய்க் கேளுங்கள். நான் கேட்க முடியாது. என்னைத் தடை செய்துவிட்டார்.