ஆர்34 ஜிடி-ஆர் வேகன் என்று நிஸான் எதையும் விற்கவில்லை

முன்னால் நிஸானின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் முகம், பின்னால் குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகிற நீளமான வேகன். "நிஸான் ரகசியமாகத் தயாரித்த அபூர்வ ஜிடி-ஆர்" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அழகான வண்டிதான், ஆனால் தகவல் தவறு.

1999-ல் வந்த ஆர்34 ஜிடி-ஆர் இரண்டு கதவு கூப்பேயாக மட்டுமே விற்பனையானது. படத்தில் இருப்பது 1996-ல் அறிமுகமான நிஸான் ஸ்டேஜியா என்ற வேகன். அதன் அடித்தளம் அந்தக்கால ஸ்கைலைனோடு நெருங்கிய உறவு கொண்டது. அதனால்தான் ஆர்34-ன் பானெட், ஹெட்லைட், பம்பர், ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் தகடு) எல்லாவற்றையும் கொண்டுவந்து பொருத்த முடிகிறது. ஜிடி-ஆர் ஃபெண்டர் கொஞ்சம் புடைத்திருக்கும், ஸ்டேஜியாவின் கதவு அப்படி இல்லை. முன்கதவு தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள், தகர வேலை செய்தவரின் கைத்திறன் அங்கேதான் தெரியும்.

சரி, வதந்தி எங்கிருந்து வந்தது? நிஸானின் துணை நிறுவனமான ஆட்டெக், 1997 முதல் ஸ்டேஜியா 260ஆர்எஸ் என்ற வண்டியை விற்றது. ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கர இயக்கம் எல்லாம் அதில் உண்டு. முகம் மட்டும் ஸ்டேஜியாவுடையதுதான்.

நான்கு கதவு ஜிடி-ஆரும் போலி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது உண்மையான வண்டி: 1998-ல் ஆட்டெக் வெளியிட்ட, ஆர்34-க்கு முந்தைய தலைமுறையான ஆர்33 ஜிடி-ஆர் செடான்.