அது அபினிக் குப்பி அல்ல

படத்தில் உள்ள ஸ்படிகக் குப்பி சீனாவின் மிங் அரசர்கள் அபினி வைத்திருந்தது என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே பலரும் பகிர்வதால் இந்தத் திருத்தம்.

இது மூக்குப்பொடிக் குப்பி. மூடியோடு ஒட்டியிருக்கும் குட்டிக் கரண்டியைப் பாருங்கள்; பொடியை அள்ளி எடுக்கத்தான் அது. மிங் ஆட்சி 1644இல் முடிந்துவிட்டது. மூக்குப்பொடிப் பழக்கம் பெய்ஜிங் அரண்மனையில் வேரூன்றியது அடுத்து வந்த சிங் வம்சத்தில், காங்ஷி பேரரசர் காலத்தில். 1696இல் அவர் அமைத்த கண்ணாடிப் பட்டறையில் மூக்குப்பொடிக் குப்பிகளும் செய்தார்கள். ஐரோப்பியரைப் போல டப்பா வைத்துக்கொள்ளாமல் குப்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: இறுக மூடினால் பொடி நமுத்துப்போகாது.

குப்பியின் அடியில் 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியென்லாங்கின் முத்திரை இருப்பதால் அது அக்காலத்தது என்ற வாதமும் நிற்காது. முந்தைய அரசரின் முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் தாராளமாகப் பொறித்தார்கள், மரியாதைக்காகவும், ஏமாற்றவும். இங்கே அதைவிட வலுவான சாட்சி உள்ளே இருக்கும் ஓவியம். உட்புறம் வரையும் கலையே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றியது. பட்டாணி அளவு வாய் வழியாக, நுனி வளைந்த மூங்கில் கோலை நுழைத்து, இடவலம் மாற்றி வரைய வேண்டும். உட்சுவர் வழவழப்பாக இருந்தால் மை ஒட்டாது. அதனால் முதலில் அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் சோ லெயுவான் மலைக்காட்சிகளிலும், அவருக்குப் பின் மா ஷாவோசுவான் முகச்சித்திரங்களிலும் அசத்தினார்கள். பீக்கிங் ஆப்பரா என்னும் சீன இசைநாடகத்தின் நடிகர் டான் சின்பெய் என்பவரின் உருவத்தை மா வரைந்த குப்பிகளைப் பார்த்தால், அபினிக் கதைக்கு ஏன் இத்தனை விருப்பக்குறிகள் என்று எரிச்சல்தான் வருகிறது.