ஏர் ஸ்க்ரூடிரைவருக்கு இன்ஜின் ஆயில் ஆகாது

"மீந்த இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றினால் போதும், ஹோஸைக் கழற்றாமல் அப்படியே மாட்டி வைக்கலாம்" என்று ஏர் ஸ்க்ரூடிரைவர் (கம்ப்ரஸர் காற்றில் சுற்றும் ஸ்க்ரூடிரைவர்) பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு, அண்ணே.

இன்ஜின் ஆயில் கெட்டி. உள்ளே சுற்றும் ரோட்டரின் காடிகளில் (பள்ளங்களில்) வழுக்கி வெளியே வரவேண்டிய வேன்கள் (காற்று தள்ளும் மெல்லிய தகடுகள்) அந்த ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். டிரிகரை அழுத்தினால் காற்று மட்டும் சீறும், பிட் (ஸ்க்ரூவைத் திருப்பும் முனை) சுற்றாது. ஏர் டூல் ஆயில் வாங்குங்கள். வேலைக்கு முன் காற்று நுழையும் வாயில் 3, 4 சொட்டு விட்டு, அரை நிமிடம் சும்மா ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட்டில் (காற்று வெளியேறும் வழியில்) ஆயில் தெறிக்கும், முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். ஆயில் தேவையில்லாத மாடல் என்று மேனுவலில் இருந்தால் சொட்டும் விட வேண்டாம்.

ஏற்காட்டில் வேலை செய்பவர்கள் இதையும் கவனிக்கணும்: பனிமூட்டக் காற்றில் ஈரம் அதிகம், கம்ப்ரஸர் டேங்க்கில் தண்ணீர் சீக்கிரம் சேரும். அடி வால்வைத் திறந்து தினமும் வடித்துவிடுங்கள். விட்டால் அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாகப் போய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

எடுத்து வைக்கும்போது முதலில் காற்றை அடைத்து, டிரிகரை அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி, பிறகு ஹோஸைக் கழற்றுங்கள். காற்றோடு தொங்கும் டூலின் டிரிகரில் கை தெரியாமல் பட்டாலே சுற்ற ஆரம்பித்துவிடும். பிட்டையும் கழற்றி, இரண்டு சொட்டு ஆயில் விட்டு, தூசி போகாமல் காற்று நுழையும் வாயை மூடி வையுங்கள்.