மாட்ரிட் – லிஸ்பன்: அந்த 20 நிமிடக் கணக்கு
ஸ்பெயினின் மாட்ரிட்டிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு விமானத்தில் 20 நிமிடம்தான், திரும்பி வர மட்டும் எதிர்காற்றால் இரண்டே கால் மணி நேரம் ஆகிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரு திசையிலும் பயணம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். லிஸ்பன் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாட்ரிட்டைவிட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது அந்த ஒரு மணி நேரம் கணக்கில் காணாமல் போகிறது, வரும்போது கூடிவிடுகிறது. காற்றால் சில நிமிடங்கள் மாறலாம். லிஸ்பன் இருப்பது மேற்கே; அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று என்பதால், எதிர்காற்று லிஸ்பன் போகும்போதுதான்!

சரிபார்ப்பது எளிது. எந்த டிக்கெட் தளத்திலும் நேரங்களுக்கு அருகில் மொத்தப் பயண நேரம் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் வகுத்துப் பாருங்கள்: நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். அதை 20 நிமிடத்தில் கடக்க மணிக்கு 1,500 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது ஒலியின் வேகத்தையும் மிஞ்சியது. இன்றைய பயணிகள் விமானம் எதுவும் அவ்வளவு வேகத்தில் பறப்பதில்லை.